ஐந்தாம் நிலையில் எண்ணியது யார்

அக்டோபர் 9, புதன்

காலையில் விமான நிலையம் இரண்டு தடவை. மதியம் ஒரு பல் மருத்துவரை யோகோஹாமாவில் இறக்கினேன். வழி முழுக்கத் தன் நாய்க்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றியே பேசினார். வெள்ளைக் கையுறை இரண்டு ஜோடி துவைக்கக் கிடக்கிறது. மழை வரும் என்கிறது என் வலது முழங்கால், வராது என்கிறது வானிலை அறிக்கை.

சாயங்காலம் குனிமி அடுத்த வாரப் பயணப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். எங்கள் வாடகைக் கார் கம்பெனியில் முதலாளி, மேலாளர், தேநீர் போடுகிறவர் எல்லாம் அவர்தான். பதினேழாம் தேதி வியாழன்: ஷின்ஜுகு ஓட்டலிலிருந்து ஃபுஜி மலை, தனி வண்டி, போய் வர ஒரு நாள். பெண்கள் இருவர். பதிவு செய்தவர் குசகாரி சுமியே, வயது 58.

மூன்று தடவை படித்தேன். குசகாரி என்ற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சுமியே, ஐம்பத்தெட்டு வயதில், டோக்கியோவில் வேறு எவள் இருக்கிறாள்?

அந்தப் பயணம் வேறொரு டிரைவருக்குப் போட்டிருந்தது. என் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அவருக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். "மலைப்பாதைன்னா முழங்கால் வலிக்கும்னு சொல்வீங்களே" என்றார் குனிமி. வலிக்கட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

தூக்கம் சரியில்லை.

அக்டோபர் 12, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் இதை நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் நான் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி. இருபத்திரண்டு வயது, நீலச் சீருடை, கையில் மைக். சுமியே அக்கா என்னைவிட ஐந்து வருடம் மூத்தவள். விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அன்று முதியோர் சங்கத்துக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர். ஃபுஜி பாதைக்கு நான் புதுசு, அதனால் என்னைச் சரிபார்க்க அவளும் வந்தாள். "எண்ணிக்கையை நான் பாத்துக்கறேன், நீ பேச்சை மட்டும் பாரு" என்றாள்.

ஐந்தாம் நிலையில் மூடுபனி. அதற்கு மேல் வண்டி போகாது, நடைதான். இறங்கி அரை மணி நேரம் சுற்றிவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். அவள் இருக்கைகளுக்கு நடுவே நடந்து எண்ணிவிட்டு, "எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்துட்டீங்க, ரொம்ப நன்றி" என்று மைக்கில் சொன்னாள். கிளம்பினோம். ஏரிக்கரையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு தட்டு மீந்தது.

தோகுமாரு என்ற எழுபத்தொரு வயதுப் பெரியவர். நாலு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடலாம் என்று பனிக்குள் இறங்கியிருக்கிறார், சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அவர் இருக்கை காலி என்று சுற்றி உட்கார்ந்திருந்த நாலு பேருக்காவது தெரியும். பிறகு அவர்களே சொன்னார்கள். வழிகாட்டி மைக்கில் 'எல்லாரும் வந்தாச்சு' என்று நன்றி சொன்னபிறகு, இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணை எப்படி அவமானப்படுத்துவது என்று சும்மா இருந்தார்களாம்.

அன்றைய பணித்தாளில் என் பெயர்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுமியே அக்கா என் காதில் சொன்னாள்: "நீ முதல்ல குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுடு. இளையவ குனிஞ்சா பாதிக் கோவம் அடங்கிடும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

குனிந்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. குனிந்தவள்தானே குற்றவாளி. மிச்சத்தை அவள் பார்த்துக்கொண்டாள், எப்படித் தெரியுமா? எங்கள் பிரிவின் மேலாளர் குசகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு. நான் சோற்றுப்பெட்டித் தொழிற்சாலையில், ஆறு வருடம், நகரும் பட்டையில் வருகிற ஒவ்வொரு பெட்டிச் சோற்றின் நடுவிலும் ஒரு உப்புப் ப்ளம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

அவளை ஐந்தாம் நிலையில் விட்டுவிட்டு வந்துவிடலாம். பனி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மணி நேரம் போதும். குனிமி கேட்டால், எண்ணிக்கை தப்பிவிட்டது என்று சொல்வேன்.

அக்டோபர் 16, புதன்

நாளைக்கு. மலைக்குக் காலையில் வெயில், மதியத்துக்கு முன்பே மேகம். வண்டியை நானே கழுவினேன். மிதியடியைக்கூட வெயிலில் காய வைத்தேன். அவள் குறை சொல்ல ஒரு தூசிகூட இருக்கக் கூடாது.

அக்டோபர் 17, வியாழன்

வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். எழுதிவிட்டுத்தான் சாப்பாடு.

காலை ஏழரை, ஓட்டல் வாசல். முடிக்குச் சாயம் அடித்து, ஒற்றை வரிசை முத்து மாலை போட்டுக்கொண்டு வந்தாள். நடை மட்டும் மாறவில்லை, பேருந்துப் படியில் இறங்குகிற மாதிரி கால் நுனியை முதலில் வைக்கிற நடை. என் பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். ஹிஷினுமா, என் புருஷன் வீட்டுப் பெயர். அவளுக்குத் தெரிந்தது ஓனுகி. போதாததற்குத் தொப்பி, கண்ணாடி, முகமூடி.

"இன்னிக்கு உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுக்கப் போறோம், மன்னிச்சுக்குங்க" என்று என் முன்னால் குனிந்தாள். காலை ஏழரைக்கே முதல் மன்னிப்பு. அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். கதவைத் திறந்துவிட்டதற்கு, குடைக்கு இடம் கேட்டதற்கு, ஏசியைக் குறைக்கச் சொன்னதற்கு. நாள் முடியும்போது இருபத்தாறு. எனக்குச் சேர வேண்டிய அந்த ஒன்று மட்டும் அதில் இல்லை.

கூட வந்தவர் அரிசாவா அம்மா. தெற்குக் கடற்கரை ஊரான கோச்சியில் மீன் கடை, கணீர்க் குரல். இவள் மகளுக்கும் அவர் மகனுக்கும் நவம்பர் இருபத்திமூன்று கல்யாணம். சம்பந்திகள் இருவரும் பழகிக்கொள்ளத்தான் இந்தப் பயணம். அரிசாவா அம்மா ஃபுஜி மலையை இதுவரை பார்த்ததே இல்லையாம். ரயிலில் அந்த இடம் வரும்போதெல்லாம் தூங்கிவிடுவாராம்.

ஏறும்போதே கூத்து. டிரைவருக்குப் பின்னால்தான் மரியாதை இருக்கை.

"சம்பந்தியம்மா, நீங்க இந்தப் பக்கம்."

"ஐயோ, நீங்க உக்காருங்க."

"அது எப்படி, நீங்க மாப்பிள்ளை வீடு."

"எனக்கு எந்தப் பக்கமா இருந்தா என்ன, மலை தெரிஞ்சா சரி."

கடைசியில் இவள் ஜெயித்தாள். அரிசாவா அம்மா என் முதுகுக்குப் பின்னால், இவள் இடப்பக்கம். ஓட்சுகி தாண்டியதும் மலை எந்தப் பக்கம் வரும்? இடப்பக்கம். எத்தனை வருடம் அதே பாதையில் மைக் பிடித்தவள் இவள், இவளுக்கு அது மறந்துபோயிற்று, இல்லை என்றால் மரியாதை அதை மறைத்துவிட்டது. மலை முழுசாக எழுந்து நின்றபோது விருந்தாளி என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளோ, விருந்தாளிக்குத் தெரியாததைத் தான் பார்ப்பது தப்பு என்று மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் மலையைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

கடைசியில் அரிசாவா அம்மா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சம்பந்தியம்மா, அடுத்த இடத்துல நிறுத்தி இடம் மாத்திக்குவோம். மரியாதையை ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம், மலை இங்கதான் இருக்கு."

மாற்றிக்கொண்டார்கள். பதினேழாவது மன்னிப்பு. அதிலிருந்து சுமியே என் நேர்ப் பின்னால். எனக்கு மேலே இருக்கிற பின்பக்கக் கண்ணாடியில் அவள் கண்ணும் நெற்றியும் மட்டும்.

ஐந்தாம் நிலைக்கு ஏறும்போதே வெள்ளையாக மூடிக்கொண்டது. "பதினொண்ணு பத்துக்கு இங்கேயே வந்துடுங்க" என்று சொல்லி இறக்கிவிட்டேன். வண்டியை வெளியே போகிற பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன். பதினொன்று பத்து அடித்ததும் கிளம்புவது, கீழே முதல் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்காருவது. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன்.

பதினொன்று ஆறுக்கு இரண்டு பேரும் பனிக்குள்ளிருந்து வந்து நின்றார்கள். நாலு நிமிடம் முன்னாடி. பழைய வழிகாட்டி அல்லவா, வேறென்ன செய்வாள். அரிசாவா அம்மாவின் கையில் மூன்று காகிதக் கப், எனக்கும் சேர்த்துச் சூடான சோள சூப்.

போச்சு. வாங்கிக்கொண்டேன். மூன்று பேரும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தோம்.

அப்போது அரிசாவா அம்மாதான் கேட்டார். "உச்சி ஒண்ணும் தெரியல. டிரைவரம்மா, இந்த இடத்தைப் பத்திக் கதை ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்களேன், வந்ததுக்கு அதாவது மிச்சம்."

முகமூடியைக் கீழே இறக்கினேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். முப்பத்தொரு வருடமாக எடுக்காத குரல், அப்படியே வந்தது. பயணிகளிடம் பேசுகிற அந்த ராகமான குரல்.

"அன்பான விருந்தினர்களே, தாங்கள் இப்போது நிற்கும் இவ்விடத்தில், முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பு, இதே போன்றதொரு மூடுபனி நாளில், முதியவர் ஒருவர் தவறவிடப்பட்டார்."

கண்ணாடியில் அந்த நெற்றி அசையாமல் நின்றது. குரலிலேயே என்னைத் தெரிந்துகொண்டாள். அந்தக் குரலை எனக்குப் பழக்கியதே அவள்தானே, விடுதி அறையில், தினமும் ஒரு மணி நேரம்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்திரண்டு பேர், நன்றி அறிவிப்பு, மீந்த தட்டு, தெரிந்தும் பேசாத நாலு பேர், இடுப்பு எலும்பு. வழிகாட்டிகள் இரண்டு பேர் இருந்தார்கள் என்றேன், மூத்தவள் ஒருத்தி, இளையவள் ஒருத்தி. இளையவள் குனிந்தாள் என்றேன்.

அரிசாவா அம்மா சூப்பைக் கீழே வைத்தார். "இருங்க. எண்ணினது யாரு?"

முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஆள்கூடக் கேட்காத கேள்வி. மேலாளர் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை, என் அப்பா கேட்கவில்லை.

"மூத்தவங்க" என்றேன்.

"அப்ப அவ எதுக்குக் குனியல?"

"அதை அவங்ககிட்டதான் கேக்கணும், அம்மா."

"அவ இப்ப எங்க இருக்கா?"

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நல்லா இருக்காங்கன்னு கேள்வி. பொண்ணுக்குக் கல்யாணமாம்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அங்கேயே முடிந்துவிடும். எனக்கு முடிய வேண்டாம்.

ஏரிக்கரையில் சாப்பாடு. பூசணிக்காய் போட்ட தட்டை நூடுல்ஸ், இரும்புச் சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. டிரைவர் தனியாகச் சாப்பிடுவதுதான் வழக்கம். அரிசாவா அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். சுமியேவுக்கு எதிரில் நான். அவர் எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்ல வாயைத் திறப்பேன், இவள் சாப்பாட்டுக் குச்சியை நிறுத்துவாள். "டிரைவரம்மாவுக்கு எந்த ஊரு?" குச்சி நின்றது. "முன்னாடி என்ன வேலை?" குச்சி நின்றது. சோற்றுப்பெட்டித் தொழிற்சாலை என்றேன். இவள் சட்டியில் பாதிகூடக் குறையவில்லை. நான் வழித்துச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது கொபொதொகே சுரங்கத்துக்கு முன்னால் பதினெட்டுக் கிலோமீட்டர் நெரிசல். இரண்டு மணி நேரம். அரிசாவா அம்மா தூங்கிவிட்டார். பின்னாலிருந்து மெல்லிசாக வந்தது:

"ஓனுகி."

"என் பேரு ஹிஷினுமா, அம்மா."

"உனக்கு என்னதான் வேணும்?"

"தண்ணி பாட்டில் கதவுப் பக்கத்துலயே இருக்கு அம்மா. வேற ஏதாவது வேணும்னா சொல்லுங்க."

இரண்டு மணி நேரம் அவளை அப்படியே வேக வைத்தேன். ஓட்டல் வாசலில் அரிசாவா அம்மா தன் கடை முகவரிச் சீட்டை என் கையில் திணித்தார், கோச்சிப் பக்கம் வந்தால் கட்டாயம் வர வேண்டுமாம். சுமியே என் வண்டி மறையும்வரை குனிந்தே நின்றாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. சம்பந்தி பக்கத்தில் நிற்கிறாரே, எப்படி வரும்.

அக்டோபர் 18, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். மீன் வறுத்துச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

விடுமுறையை விற்றாகிவிட்டது, வேலைக்குப் போனேன். சிக்னலில் நின்றபோது தானாகச் சிரித்திருக்கிறேன் போல. பின்னாலிருந்த வாடிக்கையாளர், "நல்ல செய்தியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது என்னிடம் கோச்சி முகவரி இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

அரிசாவா அம்மாவுக்கு எழுத வேண்டிய கடிதம்: மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் என்னைப் பற்றித்தான் நிறைய இருந்தது. நாலாவது சரியாக வந்துவிட்டது. ஆறே வரி. அன்றைக்கு எண்ணிய மூத்தவளின் இன்றைய பெயர் குசகாரி சுமியே என்பது ஆறாவது வரி.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி போட வேண்டும். அப்போதுதான் விருந்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, கிமோனோ வந்து, ஊர் முழுக்க அழைத்து முடித்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணை, சுமியேயின் மகளை, நான் பார்த்ததில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்? சரி. நான் என்ன பாவம் செய்தேன்?

அக்டோபர் 25, வெள்ளி

வண்டியில் வேண்டாத பேச்சுப் பேசினேன் என்று புகார் வரும் என்று ஒரு வாரமாகக் காத்திருக்கிறேன். வந்தால் குனிமி என்னை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்வார், நான் மாட்டேன் என்பேன். என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். புகார் வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 30, புதன்

கோச்சியிலிருந்து அலுவலகத்துக்கு என் பெயருக்கு ஒரு பெட்டி. யுஸு எலுமிச்சை, இரண்டு கிலோ இருக்கும். வாசனை அறை முழுக்கப் பரவி, எல்லா டிரைவர்களும் வந்து ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். அடியில் அரிசாவா அம்மாவின் கடிதம்.

அன்றைக்குச் சாயங்காலமே, ஓட்டல் வரவேற்பறையில், சுமியே அவரிடம் சொல்லிவிட்டாளாம். எண்ணியது நான்தான், குனிந்தது அந்த டிரைவரம்மா, என்று. சொல்லிவிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்கிறேன் என்றாளாம். "உங்க பொண்ணு எண்ணலையே, கல்யாணம் நடக்கும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குக் கீழே இப்படி:

"உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். இருபத்திரண்டு வயசுப் பொண்ணை முன்னாடி தள்ளினது பெரிய தப்பு, அதை அவங்க முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். ஆனா ஒரு வாரமா எனக்கு ஒரு சந்தேகம். நான் மீன் கடைக்காரி, மனசுல பட்டதைக் கேட்டுடுவேன், கோவிச்சுக்காதீங்க. நீங்களும் அந்த வண்டிக்குள்ள தானே நின்னீங்க. உங்க கண்ணுக்கு எத்தனை பேர் தெரிஞ்சாங்க?"

என் ஆறு வரிக் கடிதம் கைப்பையில் அப்படியே இருக்கிறது, தபால்தலை ஒட்டி.

அக்டோபர் 31, வியாழன்

என்ன திமிர். ஒரு நாள் வண்டியில் வந்தவள், ஒரு சட்டி நூடுல்ஸ் சேர்ந்து சாப்பிட்டவள், என்னைக் கேள்வி கேட்கிறாள்.

எண்ணறது என் வேலையே இல்ல. நீ பேச்சை மட்டும் பாருன்னு சொன்னது யாரு? அவதானே? நான் புதுசு, எனக்கு என்ன தெரியும்? எல்லாரும் சேந்து இப்ப என் தலையில கட்டப் பாக்கறாங்களா, மறுபடியும்?

சுமியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இவர் உடனே மன்னித்துவிட்டார். என் வாயிலிருந்து வர வேண்டியதை அவள் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டாள். இதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

நவம்பர் 2, சனி

யுஸு இன்னும் நாலு இருக்கிறது. வாசனை சகிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

நாற்பத்தொன்று.

நவம்பர் 5, செவ்வாய்

நேற்று அந்த ஒரு வார்த்தையை எழுத நாலு நாள் ஆனது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

பயணிகளைப் பார்த்து விரல் நீட்டி எண்ணக் கூடாது, மரியாதை இல்லை. கண்ணால் எண்ண வேண்டும், கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுக்கொண்டு. பயிற்சியில் எங்களுக்கு அது ஊறிப்போய்விடும். படி ஏறியதும் விரல் தானாக நகரும். அன்றைக்கும் நகர்ந்தது. முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாவது வரிசையில் ஜன்னல் ஓரம் ஒரு தொப்பி மட்டும் இருந்தது, கீழே தலை இல்லை. நாற்பத்தொன்று.

சுமியே அக்கா மைக்கில் நன்றி சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். அக்காவே எண்ணிவிட்டாள், பயணிகள் முன்னால் நான் எப்படித் திருத்துவது என்று நினைத்தேன். நினைத்தேன்தான், அது பொய்யில்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

அன்று காலை கிளம்பும்போது, டிரைவர் முன்னால் வைத்து, என் பேச்சைக் கேட்டால் பயணிகள் தூங்கிவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்திருந்தாள். எனக்கு அது குத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தொப்பியைப் பார்த்ததும் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? மாட்டிக்கட்டும். பெரிய இவ, எண்ணத் தெரியல பாரு. எல்லார் முன்னாடியும் மாட்டிக்கட்டும்.

அடுத்த வளைவில் யாராவது சொல்லிவிடுவார்கள், வண்டி திரும்பும், அவள் முகம் சிவக்கும் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. வளைவுக்கு மேல் வளைவாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே.

அந்தப் பெரியவர் பனியில் நடந்துகொண்டிருந்தார், நான் மைக்கில் ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

விடுமுறை. என் சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு சிச்சிபு போனேன். முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு தடவை போனதுதான், இனிப்புப் பெட்டியோடு, குனிவதற்காக. இப்போதும் கையில் ஒரு இனிப்புப் பெட்டி. தோகுமாரு வீட்டின் முன்பக்கம் அப்போது முடிதிருத்தும் கடை. இப்போதும் அதேதான். மகள் நடத்துகிறாள். அறுபதைத் தாண்டியிருப்பாள். ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். அவர் போகும்வரை வெளியே நின்றேன்.

பெரியவர் போய் இருபது வருடம் ஆகிறதாம். கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தாராம். கடையில் நின்று வேலை பார்க்க முடியவில்லையாம், அதனால்தான் இவள் ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டாளாம்.

சொன்னேன். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டது எண்ணிக்கையைத் தப்பவிட்டதற்காக. ஆனால் நான் தப்பவிடவில்லை, சரியாகத்தான் எண்ணினேன், தெரிந்தும் பேசாமல் இருந்தேன், அதற்கு இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்றேன். ஏன் பேசவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கத்தியைத் துடைத்து உறையில் வைத்தாள். துண்டை மடித்தாள்.

"இதைச் சொல்லத்தான் முப்பத்தொரு வருஷமா?"

"ஆமா."

"அப்பா உங்களைத் திட்டினதே இல்ல. சின்னப் பொண்ணு, எண்ணத் தெரியலன்னு சொல்லுவாரு. நானும் அதையே நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்ப நீங்க வந்து அதையும் எடுத்துட்டீங்க."

நான் குனிந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"நிமிருங்க. கடைக்கு ஆள் வரும். நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க, அது என்னால ஆகாது. இந்த இனிப்பையும் எடுத்துட்டுப் போங்க."

"சரிங்க" என்றேன். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 11, திங்கள்

மதியம் இரண்டு பயணத்துக்கு நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது. ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினேன். கைப்பையிலிருந்த ஆறு வரிக் கடிதத்தைக் கிழித்தேன். தபால்தலை வீணாகிவிட்டது.

பயணப் பதிவில் சுமியேயின் எண் இருந்தது. வாடிக்கையாளர் எண்ணைச் சொந்த வேலைக்கு எடுப்பது விதிப்படி தப்பு. எடுத்தேன்.

"குசகாரிதான் பேசறேன்."

"ஓனுகி மிசாவோ" என்றேன். "அக்கா, அன்னிக்கு நானும் எண்ணினேன். நாப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் எங்கோ கெட்டில் கொதிக்கிற சத்தம், அதை யாரோ அணைக்கிற சத்தம்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நான் நன்றி சொல்லிட்டிருந்தப்ப நீ என்னைப் பாத்தே. உன் பார்வையிலதான் எனக்கே தெரிஞ்சது, ஒரு ஆள் குறையுதுன்னு. மைக் கையில இருந்துச்சு. எல்லாரும் வந்தாச்சுன்னு வாயால சொல்லிட்டேன், எப்படித் திருப்பறது? நீ சொல்லிடுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. அதுக்கப்புறம் உன்னைப் பாக்கவே எனக்குப் பயமா போச்சு."

மூத்தவர் வைக்கும்வரை இளையவள் ஃபோனை வைக்கக் கூடாது, விடுதியில் அவள் சொல்லிக்கொடுத்தது. காத்திருந்தேன். அவளும் வைக்கவில்லை. அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிட்டது என்று குனிமி வயர்லெஸ்ஸில் கூப்பிடும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தோம்.